ராகிகிட்டப் பேசாதீங்க

சந்துரு வேலைக்காக மஸ்கட்டுக்குப் போன நாளிலிருந்து மேட்டகள்ளி வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. புதிதாகப் படிக்க வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ராகி என்பது அந்த வீட்டு நாய். கேழ்வரகு மாவின் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். போகாதியில் ஒரு அபார்ட்மெண்டுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தபோது மணல் குவியலின் பின்னால் கத்திக்கொண்டு கிடந்த குட்டியைச் சந்துருதான் டிபன் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

அவன் போனதும் ராகிக்குத் தனியாக இருக்க முடியாமல் போய்விட்டது. அவன் மனைவி பூங்குழலி செருப்பைப் போட்டால் போதும், அதற்கு வாயில் நுரை தள்ளும். கதவைச் சாத்தினால் பிறாண்டும், ஊளையிடும். தையல் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவள் லீவுக்கு மேல் லீவு போட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டாள். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மேனேஜர் சொல்லியாயிற்று. மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் நஞ்சுண்டசாமியும் நாயை அனுப்பிவிடச் சொல்லிக் கெடு வைத்துவிட்டார்.

கடைசியில் பூங்குழலி தன் கணவனின் அண்ணன் உதயகுமாருக்குப் போன் செய்தாள். அவருக்கு மார்டள்ளியில் மக்காச்சோளக் காடு இருக்கிறது. மார்க்கெட்டுக்குச் சரக்கு ஏற்றி வரும்போது ராகியை அழைத்துப் போய்விடுவதாகச் சொன்னார். காட்டுப்பன்னி விரட்ட ஒரு நாய் தேவைப்படுகிறதாம்.

அவர் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை இன்றுதான்.

மகள் மனிஷா நேற்றிலிருந்து அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பி.யு.சி. இரண்டாம் வருடம், அதாவது பிளஸ் டூ, படிக்கிறவள். காலையில் காபி டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"பெரியப்பா எப்ப வராங்க?"

"மார்க்கெட்ல எறக்கிட்டு வருவாங்க. மத்தியானம் ஆயிரும்."

"அங்க ராகியைக் கட்டித்தானே போடுவாங்க? ராத்திரியெல்லாம் காட்டுல தனியா?"

ராகி பூங்குழலியின் கால்மாட்டில் படுத்து அவள் பாதத்தின் மேல் தலையை வைத்திருந்தது. அவள் எழுந்தால் அதுவும் எழும். பாத்ரூமுக்குப் போனால் வாசலில் காத்திருக்கும்.

"டாக்டர் மேடம் சொன்னதைக் கடைசியா ஒரு தடவை செஞ்சு பாப்போம்மா. ப்ளீஸ்."

கால்நடை மருத்துவர் மாதேவி ராகியை முழுக்கப் பரிசோதித்து, உடம்பில் வலியோ நோயோ இல்லை என்று சொல்லியிருந்தார். இது குறும்பும் இல்லை, பிடிவாதமும் இல்லை, பயம் என்றார். அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போகாமல் வெங்காயம் நறுக்குங்கள், செருப்பைப் போட்டுக்கொண்டு துணி மடியுங்கள், பையும் செருப்பும் அதைப் பயமுறுத்தாமல் போகட்டும் என்றார். பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அதற்கப்புறம் இன்னும் கொஞ்ச நேரம். பயப்படும் முன்னால் திரும்பி வந்துவிட வேண்டும். போகும்போது கொஞ்சிக் குலாவி விடைபெறக் கூடாது.

இரண்டு வாரமாக அம்மாவும் மகளும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு நாள் நன்றாக இருக்கும். மறுநாள் எல்லாம் பாழாகிவிடும்.

"சரி, வா" என்றாள் பூங்குழலி.

மனிஷா ஃப்ரீசரிலிருந்து ரப்பர் பொம்மையை எடுத்தாள். உள்ளே தயிர்சாதமும் வேகவைத்த கோழி ஈரலும் அடைத்து உறையவைத்திருந்தது. அதைப் பாயின் மேல் வைத்தாள். பழைய போனை அலமாரியில் சாய்த்து வைத்து, அதில் தெரிவதைத் தன் போனில் பார்க்கும்படி செய்தாள். இருவரும் ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

தெருமுனை இளநீர்க் கடையின் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே போனுக்குள் தலையைக் குனிந்தார்கள்.

ராகி கதவருகே போய் மோந்து பார்த்தது. கொஞ்சம் முனகியது. பூங்குழலி எழுந்துவிட்டாள்.

"இரும்மா. நோடு, நோடு! இங்க பாரு!"

ராகி திரும்பியது. பொம்மையை நக்கிப் பார்த்தது. பிறகு இரண்டு முன்னங்காலுக்கு நடுவில் அதைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாக நக்க ஆரம்பித்தது. பூங்குழலி ஒரு இளநீரைக் குடித்து, வழுக்கையும் தின்று முடித்தாள். ராகி பாயில் பக்கவாட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தது.

"தூங்குது" என்றாள் பூங்குழலி நம்பாமல். "மனிஷா, தூங்குதுடி."

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது மனிஷா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பூங்குழலியின் மனதுக்குள் கணக்கு ஓடியது. நாளைக்கு மனிஷா காலேஜுக்குக் கிளம்பும் வரை இருப்பாள். அப்புறம் பகல் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து வீட்டு அஞ்சலையை எட்டிப் பார்க்கச் சொன்னால் என்ன? உதயகுமார் மாமாவிடம் என்ன சொல்வது? வந்த வண்டியைச் சும்மா அனுப்பினால் கோபித்துக்கொள்வாரா?

ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கையில் போன் அடித்தது. சந்துரு. தினமும் சாப்பாட்டு இடைவேளையில் வீடியோவில் வருவான்.

"சாப்ட்டியா?" என்றான் பூங்குழலியைப் பார்த்து.

"இனிமேத்தானுங்க. நீங்க?"

"ஆச்சு. மனிஷா படிக்கறாளா? எங்க அவன்? காட்டு காட்டு."

பூங்குழலி போனைக் கீழே திருப்பினாள். சந்துருவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

"டேய் ராகி! ராகிக் குட்டி! அப்பா வந்துட்டேன்டா! எங்கடா இருக்க? வாடா, அப்பாகிட்ட வாடா தங்கம்!"

ராகி எகிறி எழுந்தது. போனைப் பார்க்கவில்லை. நேரே வாசலுக்கு ஓடியது. அங்கே ஆளில்லை. கட்டிலுக்கு அடியில் தலையை விட்டது. பாத்ரூம் கதவைத் தள்ளித் திறந்தது. கொடியில் தொங்கிய சந்துருவின் பழைய சட்டையை மோந்தது. மறுபடி வாசலுக்கு ஓடியது. சந்துரு அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "பாரு, என்னத் தேடுறான் பாரு! இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமாடா, சைட்ல ஒரு மலையாளி..." என்று அன்றைய கதை முழுவதையும் ராகிக்குச் சொல்லிவிட்டு, "சரி, ஃபோர்மேன் கூப்பிடுறான்" என்று வைத்துவிட்டான்.

பூங்குழலிக்கு அதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. தினமும் நடப்பதுதான். மனிஷா குளித்துக்கொண்டிருந்தாள். குப்பை வண்டியின் பாட்டு தெருவில் கேட்டது. பூங்குழலி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய், கதவைச் சாத்தினாள்.

கேட்டைத் தாண்டியிருக்க மாட்டாள். உள்ளே என்னவோ உடையும் சத்தம் கேட்டது.

ஓடி வந்தபோது ராகி ஜன்னலில் இருந்தது. கொசுவலையைக் கிழித்து, கம்பிக்கு நடுவில் தலையை நுழைத்து, வெளியேயும் வர முடியாமல் உள்ளேயும் போக முடியாமல் அலறிக்கொண்டிருந்தது. ஜன்னல் மேடையில் இருந்த பாட்டில்கள் தரையில் சிதறிக் கிடந்தன. முன்னங்காலில் ஒரு நகம் பிய்ந்து ரத்தம் சொட்டியது.

மனிஷா ஈரத் தலையோடு ஓடி வந்தாள். ஒருத்தி உள்ளே நின்று உடம்பைப் பிடிக்க, ஒருத்தி வெளியே நின்று காதுகளை மடித்துத் தலையைத் தள்ள, ஒருவழியாக விடுவித்தார்கள். ராகி பூங்குழலியின் மடியில் விழுந்து நடுங்கியது. அவள் சேலைத் தலைப்பால் காலைச் சுற்றினாள். திட்டுவதற்கு அவளுக்கு வாய் வரவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நஞ்சுண்டசாமி கீழே வந்தார். கொள்ளேகால்காரர், கத்திப் பேசுகிறவர் இல்லை.

"ஏன் தாயி, இன்னிக்கும் இப்படியே ஆச்சே. என் சம்சாரம் மல்லம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்கா. இப்பத்தான் கண்ணசந்தா. தூக்கிவாரிப் போட்டு எழுந்து நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நான் என்ன செய்யறது, நீயே சொல்லு."

"தப்புத்தானுங்க ஐயா. இன்னிக்கு மனிஷாவோட பெரியப்பா வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க" என்றாள் பூங்குழலி. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் ராகியின் காலைப் பார்த்தார். "மஞ்சள் வச்சுக் கட்டாதே. டெட்டால் இருக்கு, அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

உடைந்த கண்ணாடியைப் பெருக்கிக்கொண்டிருந்த மனிஷா சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மா. காலையில நல்லாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"நான் குளிக்கப் போனப்ப அப்பா பேசினாரா?"

"பேசினாரு. அதுக்கென்ன இப்ப?"

"போன புதன்கிழமை? பால் வாங்கப் போனியே, கதவைக் கடிச்சு வச்சிருந்துச்சே, அன்னிக்கு?"

பூங்குழலி யோசித்தாள். அன்றைக்கும் சந்துரு பேசி முடித்த பிறகுதான் போனாள். வியாழக்கிழமை? அன்று அவனுக்கு சைட்டில் வேலை அதிகம், பேசவில்லை. அன்று அவர்கள் இரண்டு பேரும் அஞ்சலை வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டு வந்தபோது ராகி கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து வாலாட்டியது.

"அப்பா குரலைக் கேட்டதும் வந்துட்டாருன்னு நெனைக்குதும்மா. வீடெல்லாம் தேடுது. ஆள் இல்ல. மறுபடி தொலைஞ்சு போயிட்டார்னு நெனைக்குது. தினமும் ஒரு தடவை அப்பா அதை விட்டுட்டுப் போறார். அப்புறம் நீயும் கதவைச் சாத்தினா?"

மனிஷா உடனே மருத்துவருக்குப் போன் செய்தாள். கன்னடத்தில் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். மாதேவி பொறுமையாகக் கேட்டார். இருக்கலாம் என்றார். எல்லா நாயும் போன் குரலைக் கண்டுகொள்ளாது, ஆனால் இது அப்படியே கலங்குகிறதென்றால் சில வாரம் அந்தக் குரல் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பயிற்சியை விடாமல் செய்யுங்கள், தேவைப்பட்டால் பதற்றம் குறைய மாத்திரையும் கொடுக்கலாம், காலைக் காட்ட நாளை அழைத்து வாருங்கள் என்றார். இந்த நிலைமையில் புது இடத்துக்கு அனுப்பினால் அது இன்னும் மோசமாகலாம் என்பதையும் சொன்னார்.

"பெரியப்பாவை வர வேண்டாம்னு சொல்லிடும்மா!"

"அப்பாகிட்ட யாருடி சொல்றது?" என்றாள் பூங்குழலி. "காலையிலருந்து வெயில்ல நின்னுட்டு, அந்த மனுசன் சிரிக்கிறதே அந்தக் கொஞ்ச நேரந்தான். அதையும் நிறுத்துங்கன்னு எந்த வாயால சொல்றது?"

தெருவில் பிக்கப் வண்டி வந்து நின்றது. அதன் கதவு அறையும் சத்தம்.

"பூங்குழலி! அம்மணி, இருக்கறீங்களா?"

மடியில் கிடந்த ராகி துள்ளி எழுந்தது. புண்பட்ட காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் கேட்டுக்குப் பாய்ந்தது. உதயகுமார் கையில் கயிறோடு நின்றார். ராகி அவர் மேல் தாவி, இடுப்பில் முகத்தை அழுத்தி, முனகியது. அவர் ஒரு கணம் தடுமாறிப் போனார். இதற்கு முன் இரண்டொரு தடவைதான் இந்த நாயைப் பார்த்திருக்கிறார்.

பிறகு ராகி அவரை மோந்து பார்த்தது. வேட்டியை, கையை, செருப்பை. அதன் வால் மெதுவாக நின்றது. அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போய், பிக்கப் வண்டியின் திறந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தது. சக்கரத்தின் பின்னால் பார்த்தது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தது. அப்புறம் நடுத்தெருவில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்து ஊளையிட ஆரம்பித்தது.

"என்ன ஆச்சு இதுக்கு?" என்றார் உதயகுமார்.

"உங்க குரல் பெரியப்பா" என்றாள் மனிஷா. "அப்பா குரல் மாதிரியே இருக்கில்ல."

ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேரில் யார் போனை எடுத்தாலும் கூப்பிட்டவர்கள் குழம்புவார்கள் என்பது அவருக்குத் தெரியும். போய் ராகியைத் தூக்கினார். அது எதிர்க்கவில்லை. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து பாயில் விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து மனிஷா சொன்னதையெல்லாம் கேட்டார். இப்போது குசுகுசுவென்று பேசினார்.

"அங்க நம்ம காட்டுல நான் பேசற போதெல்லாம் இது இப்படித்தான் அவனத் தேடும், இல்ல?"

"ஆமாங்க பெரியப்பா."

அவர் கயிற்றைச் சுருட்டி வேட்டி மடிப்பில் செருகினார். "நான் மாடிக்குப் போய் அந்த ஐயாகிட்டப் பேசிட்டு வர்றேன். சந்துருவுக்கு நீங்க சொல்லுங்க. நான் சொன்னா அதட்டற மாதிரி இருக்கும்."

பூங்குழலி போனை எடுத்தாள். வீட்டுக்குள் பேச முடியாது. கடைசியில் பிக்கப் வண்டியின் முன்சீட்டில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். உள்ளே வெங்காயச் சருகின் வாசனை. வியர்த்துக் கொட்டியது.

சந்துருவுக்கு அன்று சீக்கிரமே வேலை முடிந்திருந்தது. முகம் கழுவின ஈரத்தோடு தெரிந்தான். "என்ன குழலி, இந்நேரத்துல? அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரா?"

ராகியை அனுப்புவது அவனுக்குத் தெரியும். சரி என்றுதான் சொல்லியிருந்தான். அதனால்தான் மத்தியானம் அத்தனை நேரம் பேசியிருக்கிறான் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"இல்லீங்க. அனுப்பலை. ஆனா நீங்க ஒண்ணு செய்யோணும்." அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "கொஞ்ச நாளைக்கு ராகிகிட்டப் பேசாதீங்க."

நடந்ததை எல்லாம் சொன்னாள். ஜன்னல், நகம், தெருவில் ஊளையிட்டது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்ப நாந்தான் அதைப் படுத்தியிருக்கேன்."

"தெரிஞ்சா செஞ்சீங்க?"

"சந்தோசத்துல ஓடுதுன்னு நெனச்சேன் குழலி. நான் கூப்பிட்டா ஓடி வர ஒரு ஜீவன் இருக்குன்னு..." அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். முகத்தில் தண்ணீர் எதுவும் மிச்சமில்லை. "சரி. பேசல. இனிமே போன் பண்ணல."

"போன் பண்ண வேண்டாம்னு யாரு சொன்னா?" பூங்குழலிக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "நீங்க போனதுலருந்து என்கிட்ட என்ன பேசியிருக்கீங்க? சாப்ட்டியா, மனிஷா படிக்கறாளா. அவ்வளவுதான். சைட்ல நடந்தது, ரூம்ல நடந்தது, கனவு கண்டது எல்லாம் அதுகிட்ட. நான் போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். எனக்குக் கை வலிக்காதா?"

அவன் திகைத்துப்போய்ப் பார்த்தான்.

"உன்கிட்ட என்னத்தச் சொல்றது?" என்றான் தயங்கி.

"ராகிகிட்டச் சொன்னதையே சொல்லுங்க."

சந்துருவுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கல்யாணம் ஆன புதிதில்கூட அப்படிப் பேசியதில்லை என்னும்படி இருவரும் பேசினார்கள். ரூம்மேட்டின் குறட்டையை அவன் அபிநயித்துக் காட்டினான். மேனேஜருக்கு என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று அவள் சொன்னாள். பேச்சு ஓய்ந்தபோது அவன் முகம் மாறியது.

"குழலி, ஒரு விசயம். இதை ராகிகிட்டகூடச் சொல்லல. இன்னும் ரெண்டு வருசம் இருக்கறியான்னு இங்க கேக்கறாங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லோணும்."

அவள் காத்திருந்தாள். முடிவைச் சொல்வான் என்று நினைத்தாள்.

"நீ என்ன சொல்ற?" என்றான் சந்துரு.

உதயகுமார் வண்டிக் கண்ணாடியைத் தட்டினார். நஞ்சுண்டசாமி இந்த மாதம் முடியும் வரை பொறுத்துக்கொள்கிறாராம். மத்தியானம் மல்லம்மா தூங்கும் நேரத்தில் ராகியைத் தனியாக விடக் கூடாது, அஞ்சலை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும், அதுதான் நிபந்தனை. "அந்தம்மாவே சொல்லிட்டாங்க, பாவம் இருந்துட்டுப் போகட்டும்னு" என்றார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், ராகிக்குக் கேட்காதபடி தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் பூங்குழலி கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே போய், கேட்டருகில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். ராகி கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்து, வாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. எழுந்திருக்கவில்லை.

மனிஷா நாளைக்கான அம்மாவின் கம்பெனி யூனிஃபார்ம் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வண்டிக்குள்ள உக்காந்து அவ்வளவு நேரம் அப்பாகூட என்னம்மா பேசின?"

பூங்குழலி மறைக்கவில்லை. இன்னும் இரண்டு வருடம் என்றதும் மனிஷாவின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது.

"நீ என்ன சொன்ன?"

"நாளைக்கு வேலைக்குப் போயிட்டு வந்து சொல்றேன்னேன்."

"என்ன சொல்லப் போற?"

"தெரியலடி" என்றாள் பூங்குழலி. "வீடு மாத்தினது, வேலையை விட்டது, மஸ்கட் போனது, எதையும் அவர் என்கிட்டக் கேட்டதில்ல. இன்னிக்குத்தான் மொத மொதலாக் கேட்டிருக்கார்."